பென்சில் கொஞ்சம் காத்திருக்கட்டும்

கேள்வி

என் மகனுக்கு நான்கு வயது மூன்று மாதம் ஆகிறது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். தினமும் தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம், நம்பர் ஒரு பக்கம் என்று வீட்டுப்பாடம் வருகிறது. நோட்டை எடுத்தாலே அழ ஆரம்பித்துவிடுகிறான். பென்சிலை அழுத்திப் பிடித்து முனையை உடைத்துவிடுகிறான். இரண்டு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறான். போன வாரம் டைரியில், 'எழுதுவதில் பின்தங்கி இருக்கிறான், வீட்டில் பயிற்சி கொடுக்கவும்' என்று மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கும் இவன் வயதுதான். அ முதல் ஃ வரை எழுதுகிறாள், ஏ பி சி டி முழுதும் எழுதுகிறாள். இவனுக்கு வாய் மட்டும் ஓயாது. டவுன் பஸ் தூரத்தில் வரும்போதே நம்பரைப் பார்த்து எந்த ஊர் பஸ் என்று சொல்லிவிடுவான். பென்சிலை இடது கையில்தான் எடுக்கிறான். என் மாமியார் அதைப் பிடுங்கி வலது கையில் கொடுக்கிறார். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள், எனக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியவில்லை. டியூஷன் வைக்கலாமா? அவனிடம் ஏதாவது குறை இருக்குமோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் எழுதிய தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

ஒரு தாய், பொள்ளாச்சி அருகில்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய தாளை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் பதினொரு 'அ' இருக்கிறது. முதல் இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஐந்தாவதிலிருந்து குறுக்குக்கோடு நழுவுகிறது. கடைசி மூன்றும் வெறும் சுழிதான். ஓர் இடத்தில் தாள் ஈரம் பட்டுச் சுருங்கிக் காய்ந்திருக்கிறது. இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவனுக்கு எழுத வரவில்லை என்பது பிரச்சினை இல்லை. இரண்டு எழுத்தோடு நிறுத்தியிருக்க வேண்டிய கையைப் பதினொன்று வரை இழுத்திருக்கிறோம்.

தாளின் பின்பக்கத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அது எனக்கு முன்பக்கத்தைவிடப் பிடித்திருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனிடம் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறான். பஸ் நம்பரைப் பார்த்து ஊரைச் சொல்கிறான். ஒரு குறியைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். வாசிப்புக்கு ஆணிவேர் அதுதான். டியூஷன் வேண்டாம். பள்ளியில் எழுதி, வீட்டில் எழுதி, மூன்றாவதாக இன்னொரு வீட்டிலும் போய் எழுதினால், அவன் எழுத்தைக் கற்பதற்கு முன்னால் எழுத்தை வெறுக்கக் கற்றுக்கொள்வான். அந்த வெறுப்பைப் பிற்பாடு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கை வலிக்கிறது என்று அவன் சொல்வதை நம்புங்கள். சாக்கு சொல்லவில்லை. நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. முதல் வருடத்தில் ஒன்றிரண்டு கெட்டிப்படத் தொடங்கும், பிறகு ஒவ்வொன்றாக. கடைசி எலும்பு கெட்டிப்படத் தொடங்குவதே எட்டு, ஒன்பது வயதுக்கு மேல்தான். நான்கு வயதில் அந்த வேலை பாதியில் நிற்கிறது. விரல்களும் அப்படித்தான். பென்சிலை முதலில் கை முழுக்கப் பொத்திப் பிடிப்பார்கள், அப்புறம் விரல்களால் பிடித்துக் கை மொத்தத்தையும் அசைத்து எழுதுவார்கள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து, விரல் மட்டும் அசைந்து எழுதும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள் அமைகிறது. உங்கள் மகன் அந்த வாசலில்தான் நிற்கிறான். முனை உடைவது பிடிவாதத்தால் இல்லை. விரலில் பலம் போதாதபோது தோளிலிருந்து அழுத்துகிறான்.

வரைவதற்கும் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதில் பார்த்து வட்டம் போடுவார்கள். நான்கில் கூட்டல் குறி. நாலரை, ஐந்தில் சதுரம். ஐந்தைத் தாண்டும்போது முக்கோணம். இப்போது 'அ' எழுத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சுழி, அதைத் தழுவி ஒரு வளைவு, திரும்பி வந்து குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு கோடு, அப்புறம் மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு. வட்டமும் கூட்டலும் இப்போதுதான் வந்திருக்கும் கைக்கு இது பெரிய வேலை. 'இ' இன்னும் பெரிய வேலை. அகரவரிசையில் முதலில் வருகிறது என்பதற்காக எழுதுவதிலும் அதுவே முதலில் வர வேண்டியதில்லை.

சொல்வதற்கு ஒரு வரிசை, எழுதுவதற்கு வேறு வரிசை. நம் பழைய ஆசிரியர்கள் பலரும் 'ட'-வில்தான் தொடங்குவார்கள். கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, 'ட' முடிந்தது. இன்னொரு கோடு சேர்த்தால் 'ப'. கொஞ்சம் வளைத்தால் 'ம'. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் எழுதலாம். மூன்று எழுத்து கற்ற பிள்ளை தானே 'பட்டம்' என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். ஆனால் இதுவும் இப்போதே செய்ய வேண்டியதில்லை. யு.கே.ஜி. கடைசியிலோ ஒன்றாம் வகுப்பிலோ செய்யலாம்.

எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் பக்கம் பக்கமாக எழுத வைத்த ஆசிரியை நான். நோட்டு நிறைந்தால் பெற்றோருக்கு மகிழ்ச்சி, பெற்றோர் மகிழ்ந்தால் நிர்வாகத்துக்கு மகிழ்ச்சி. என் வகுப்பில் ஒரு பெண் அ முதல் ஃ வரை அச்சுப் போல எழுதுவாள். ஒருநாள் 'அம்மா' என்று கரும்பலகையில் எழுதி, இதில் 'அ' எங்கே என்று கேட்டேன். குழந்தை விழித்தாள். பிறகு சிலேட்டை எடுத்து, அ, ஆ, இ, ஈ என்று முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். அவளுக்கு அது பதின்மூன்று எழுத்தாக இல்லை. ஒரே நீளக் கோலமாக இருந்தது. நடுவில் நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பது அவளிடம் வரவே இல்லை, கை மட்டும் கற்றிருந்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான்தான் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். உங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கு எல்லாமே நன்றாக வந்திருக்கலாம். நோட்டை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

படிப்பு காதில்தான் தொடங்குகிறது. உங்கள் கடிதத்துக்கு நான் தரும் ஒரே பதில் இது என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைக் கேட்டதும் அது துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால்தான் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வடிவம் உண்டு என்று சொல்லும்போது ஒட்டும். இதற்கு நோட்டு வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது, குளிப்பாட்டும்போது, சமைக்கும்போது நடக்கிற காரியம் இது.

முதலில் கைதட்டல். அம்மா என்றால் அம், மா, இரண்டு தட்டு. தென்னைமரம் என்றால் தென், னை, ம, ரம், நான்கு தட்டு. வீட்டில் இருக்கிற எல்லார் பெயரையும் தட்டச் சொல்லுங்கள், யார் பெயருக்கு அதிகத் தட்டு என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைத்தான் இலக்கணத்தில் ஏறக்குறைய அசை என்கிறோம்.

அப்புறம் மோனையும் எதுகையும். பள்ளியில் செய்யுள் பாடத்தில் படித்து மறந்திருப்போம். இது நம் மொழி காதுக்கு வைத்திருக்கும் பயிற்சி. பாட்டி, பால், பானை என்று நீங்கள் சொல்ல, அதே மாதிரி தொடங்கும் இன்னொன்றை அவன் சொல்ல வேண்டும். காக்கா, கால், மீன், காய் என்று சொல்லி, இதில் ஒட்டாதது எது என்று கேளுங்கள். முதல் ஒலி பிடிபட்ட பிறகு எதுகைக்குப் போகலாம்: புளி, கிளி, துளி. அர்த்தமே இல்லாமல் 'சுளி, முளி' என்று அவன் அடுக்கினால் தடுக்காதீர்கள். அர்த்தமில்லாத சொல்லில் எதுகை பிடிக்கிறான் என்றால் காது ஒலியை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் போனால் சொல்லைக் குறைக்கலாம். மாங்காயில் 'மாங்' எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? காய். பலகாரத்தில் 'பல' எடுத்தால்? காரம். என் வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு பையன், 'பலகாரத்துக்குள்ள காரம் ஒளிஞ்சிருக்கா மிஸ்?' என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து உள்ளே எது ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான்.

அந்தாதியும் விளையாடலாம். யானை பெருசு, பெருசு மலை, மலை உயரம், உயரம் தென்னை. உங்கள் ஊரில் அடுத்த வரி எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ் படிக்கக் காது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு சொல் சொல்கிறேன்: பம்பரம். இரண்டு இடத்திலும் ஒரே 'ப'. சொல்லிப் பாருங்கள், வாயில் முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. கடல், தங்கம், அகல் மூன்றிலும் 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. வெளியிலிருந்து தமிழ் கற்க வருகிறவர் இதை விதியாகப் படிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இந்த விதிகள் எல்லாம் பேச்சோடு வந்துவிட்டன. பம்பரம் என்ற சொல்லை நூறு முறை கேட்டு, கயிறு சுற்றி விட்டு விளையாடிய பிள்ளை, எழுத்தில் அதைப் பார்க்கும்போது சரியாகத்தான் படிக்கும். சொல்லே தெரியாத பிள்ளை எழுத்தைக் கூட்டி எதையோ சொல்லும். அதனால்தான் வாய் ஓயாத பிள்ளை கையில் முதல் இருக்கிற வியாபாரி மாதிரி என்று நான் பெற்றோரிடம் சொல்வேன்.

நம்முடையது 247 எழுத்து. அதிலும் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. இதெல்லாம் பிடிபடக் காலம் எடுக்கும். நம்மைப் போன்றே உயிர்மெய் முறையில் எழுதும் கன்னடத்தில், பிள்ளைகளுக்கு எழுத்துகள் முழுதும் கைவர நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை ஆகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு நீளப் பயணத்தில் எல்.கே.ஜி.யில் ஆறு மாதம் முந்திப் போவதால் என்ன கிடைக்கும்?

'எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்தேன் என்று நீங்கள் தயங்கிச் சொல்வதுதான் உங்கள் மகனுக்குக் கிடைத்த பெரிய வசதி. ராத்திரி பத்து நிமிடம் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். வாய்க்கதை சொல்வதும் வேண்டும், புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதும் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். வீட்டில் 'நரி வந்துச்சு' என்கிறோம், புத்தகத்தில் 'நரி வந்தது' என்று இருக்கிறது. ஒரு முறை நான் கதை வாசிக்கும்போது, 'ஏன் அழுகிறாய் என்று நரி கேட்டது' என்ற வரி வந்ததும், மடியில் இருந்த குழந்தை புத்தகத்தைக் கையால் மூடிவிட்டுக் கேட்டது: 'நரி ஏன் டிவி நியூஸ் மாதிரி பேசுது?' எழுத்துத் தமிழ் பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் அறிமுகமாகிறது, யாரோ அந்நியர் பேசுவது போல. தினமும் அம்மாவின் குரலில் கேட்டால் அது வீட்டுப் பேச்சாகிவிடும். ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் 'வந்தான், சென்றான்' என்று வரும்போது அவன் திகைக்க மாட்டான்.

வாசிக்கும்போது வரியின் கீழே விரலை ஓட்டுங்கள். இடமிருந்து வலம், வரி முடிந்தால் அடுத்த வரியின் தொடக்கம் என்பது சொல்லாமலே புரியும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். எட்டாவது முறை அவனே வரியை முடிப்பான். தவறவிட்டால் உங்களைத் திருத்துவான். புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. அரசு நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ் ஆகியோர் தமிழில் போட்டிருக்கும் படக்கதைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. பிரதம் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். போனில் எடுத்தாலும் நீங்கள் வாசியுங்கள், போனை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். போன் கதை சொல்லும், ஆனால் அவன் நடுவில் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்லாது.

இங்கிலீஷ்? பயப்பட வேண்டாம். எழுத்து என்பது ஒலியின் படம் என்ற ரகசியத்தை ஒரு மொழியில் பிடித்துவிட்டால் போதும். இரண்டாவது மொழிக்குப் புதிய வடிவங்களையும் புதிய சொற்களையும் கற்றால் சரி. நன்றாகத் தெரிந்த மொழியில் பிடிப்பதுதான் எளிது.

கைக்கு வருவோம். கைக்கான வேலை எல்லாம் உங்கள் சமையலறையிலும் வாசலிலும் இருக்கிறது. கோலப்பொடியை எப்படி எடுக்கிறோம்? கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை. பென்சில் பிடிக்கும் பிடி அதேதான். புள்ளி வைத்துக் கொடுங்கள், அவன் கோடு இழுக்கட்டும். ஆண்பிள்ளைக்கு என்ன கோலம் என்று வீட்டில் யாராவது கேட்டால், எழுத்துப் பயிற்சி நடக்கிறது என்று சொல்லுங்கள், அது முழு உண்மை. பூண்டு உரிப்பது, பச்சைத் துவரை உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கைக்குட்டையைத் துவைத்துப் பிழிவது, கொடியில் கிளிப் போடுவது, எல்லாமே விரலுக்குப் பலம். தோளுக்கும் பலம் வேண்டும், அதற்குக் கொய்யாமரம் ஏறட்டும், கிளையைப் பிடித்துத் தொங்கட்டும். தோள் நிலைத்தால்தான் முழங்கை நிலைக்கும், அப்புறம்தான் விரல். தரையில் உட்கார்ந்து குனிந்து எழுதுவதைவிடச் சுவரில் சாத்திய சிலேட்டில் நின்றுகொண்டு கிறுக்குவது இந்த வயதுக்கு நல்லது. நீளச் சாக்பீஸ் கொடுக்காமல் அரை விரல் நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் பொத்திப் பிடிக்க முடியாது, விரல் நுனிகள் தானாகச் சேர்ந்துவிடும்.

எழுத்தின் வடிவம் கற்க ஆசைப்பட்டால் தட்டில் மணலோ அரிசியோ பரப்பி விரலால் எழுதட்டும். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அதை ஒருநாள் சடங்கோடு ஏன் நிறுத்த வேண்டும்? நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இருந்த விடுதிப் பள்ளியை 1789-இல் ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பிறகு 1939-இல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தபோது, அவர் முறையிலும் பிள்ளைகள் பென்சில் எடுப்பதற்கு முன்னால் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்கள். விரல் முதலில், கருவி பிறகு என்று நம் திண்ணைகளுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் நடுவில் விட்டுவிட்டோம். மணலில் தப்பாக எழுதினால் கையால் அழித்துவிடலாம், ரப்பர் வைத்துத் தேய்த்துத் தாள் கிழியும் கவலை இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அழுகிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

இடது கை. உங்கள் மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் வளர்ந்த காலத்தில் நொட்டாங்கை என்று திட்டி மாற்றுவதுதான் வழக்கமாக இருந்தது. சாப்பிடுவதும் பிறருக்கு ஒன்றைக் கொடுப்பதும் வலது கையில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், பிள்ளை எளிதாக ஏற்றுக்கொள்கிற வரை அதைப் பழக்கட்டும். எழுதும் கையை மட்டும் தொட வேண்டாம். எழுதும் கை மூளையின் அமைப்போடு வருவது. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் இடக்கைக்காரர். ஏற்கெனவே பலம் போதாத விரல்களைப் பிடுங்கி, இன்னும் பலம் குறைந்த கையில் கொடுத்தால் முனை உடையாமல் என்ன செய்யும்? அவன் அழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. தாளின் மேல்பக்கம் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும், எழுதுவது அவன் கண்ணுக்கு மறையாது. எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டால் பதற வேண்டாம், ஆறேழு வயது வரை இடக்கை, வலக்கை இரண்டு வகைப் பிள்ளைகளிடமும் அது உண்டு.

பள்ளியில் என்ன சொல்வது? மிஸ்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நோட்டு காலியாக இருந்தால் கேள்வி கேட்கும் பெற்றோர்தான் அதிகம், அவர் மேல் அந்தப் பாரம் இருக்கிறது. அங்கன்வாடியில் பாட்டும் கதையும் விளையாட்டும்தான் நடக்கிறது, எழுத வைப்பதில்லை என்று சொல்லியே பலர் பிள்ளையை அங்கிருந்து எடுத்துவிடுகிறார்கள். அங்கே நடப்பதுதான் இந்த வயதுக்கான படிப்பு. மிஸ் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, 'மிஸ், கை வலிக்குதுன்னு அழறான். தினம் ஒரு வரி மட்டும் எழுத வைக்கிறேன், மிச்ச நேரம் வீட்டில் கதை படிக்கிறோம், கைக்கு வேலை கொடுக்கிறோம். அரையாண்டு வரைக்கும் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். அவன் சொன்ன ஒரு கதையைச் சேர்த்துச் சொல்லுங்கள், மிஸ்ஸுக்கு அவனுடைய இன்னொரு முகம் தெரியட்டும். தேவைப்பட்டால் இதையும் சொல்லலாம்: 2022-இல் வந்த, அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 3 முதல் 8 வயது வரையிலான கல்விக்கு விளையாட்டையே அடிப்படையாக வைக்கிறது. நம் மாநிலத்தில் அதே 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், பிள்ளைகள் பொருள் புரிந்து படிப்பதற்கு 8 வயதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. அரசாங்கமே எட்டு வரை பொறுக்கிறது. நாம் நான்கில் கண்ணீர் விடுகிறோம்.

டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். வெளியாட்களுக்கு அவன் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான், அடிக்கடி காதில் சீழ் வடிகிறது, புத்தகத்தைக் கண்ணருகில் கொண்டுபோகிறான், 'செருப்பை ஓரமா வச்சுட்டுத் தண்ணி எடுத்துட்டு வா' என்று இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் புரிவதில்லை, முன்பு தெரிந்த ஒன்று இப்போது மறைந்துவிட்டது. இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தை வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையம் இருக்கிறது, செலவில்லாமல் பார்ப்பார்கள். காதையும் கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான். ஆனால் நான்கு வயதில் எழுத வரவில்லை என்பதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று யாராவது பெயர் வைத்தால் ஏற்காதீர்கள். படிக்கச் சொல்லிக்கொடுத்து ஓரிரண்டு வருடம் போன பிறகுதான் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது அந்தத் தாளின் பின்பக்கம்.

முன்பக்கத்தில் அழுத அதே கை, பின்பக்கத்தில் பச்சைக் கிரேயானால் நான்கு வரி கிறுக்கியிருக்கிறது. நெளிநெளியாக, மலைத்தொடர் மாதிரி. எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் நான்கும் இடது ஓரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. வரிக்கும் வரிக்கும் இடைவெளி விட்டிருக்கிறான். மூன்றாவது வரியில் கொஞ்சம் நிறுத்தி, இடம் விட்டு, மறுபடி தொடங்கியிருக்கிறான், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விடுவது போல. கீழே வலப்பக்க மூலையில் ஒரு பெட்டி, அதற்கு நான்கு வட்டம், பெட்டிக்கு மேலே 5 மாதிரி ஒன்று. அது டவுன் பஸ் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு இடத்தில்கூடத் தாள் கிழியவில்லை, அழுத்தவே இல்லை.

யாரும் சொல்லாமல் அவன் எழுதிய முதல் கடிதம் இது. தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இன்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதை, சொல்கிற மாதிரியே, ஒவ்வொரு வரியின் கீழேயும் நீங்கள் எழுதுங்கள். தேதி போடுங்கள். எழுதியதை விரல் ஓட்டி ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பிறகு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.